எழுத்து உடைந்து வருகிறதா? திரையில் தெரிவதை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

தளத்தில் தமிழ் உடைந்து வருகிறது என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எப்படி உடைந்து வருகிறது என்பதுதான். வரிசையாகக் கேள்விக்குறியா? கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியா? வெறும் கட்டமா? சம்பந்தமே இல்லாத ஐரோப்பிய எழுத்துகளா? பார்ப்பவருக்கு எல்லாமே குப்பைதான். ஆனால் ஒவ்வொரு குப்பையும் ஒவ்வொரு காரணத்தால் வருகிறது. சிலவற்றில் தரவு பத்திரமாக இருக்கும், காட்டுகிற இடம் மட்டும் தவறாக இருக்கும். சிலவற்றில் தரவே போய்விட்டிருக்கும், பழைய நகலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. எது எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்ற ஆரம்பித்தால், பிழைத்திருந்த தரவையும் நாமே அழித்துவிடுவோம். அதனால் கீழே உள்ளதைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: பைட்டை, அதாவது கணினி உண்மையில் சேமித்துவைத்திருக்கும் எண்களை, பார்க்காமல் எதையும் திருத்தாதீர்கள்.

பைட்டைப் பார்ப்பது எப்படி

உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கொரு எண் தரும் பட்டியல் யூனிகோடு. அப்படி எண் பெற்ற ஒவ்வொன்றும் ஒரு குறியீடு. அதைப் பைட்டுகளாக எழுதும் முறைதான் என்கோடிங், யூடிஎஃப்-8 அவற்றில் ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. அதிலும் ஒரு வசதி இருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம் 128. யூடிஎஃப்-8 கணக்கில் அது சரியாக இரண்டு 64. அதனால் அந்தக் குறியீடுகளில் எதுவாக இருந்தாலும் முதல் பைட்டு 224, இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. மூன்றாவது மட்டும்தான் 128 முதல் 191 வரை மாறும். 'அ' என்றால் 224, 174, 133.

கருவிகள் இதைப் பதினாறடிமான எண்ணில்தான் காட்டும். அந்த எண்களில் வரும் எழுத்துகளை இங்கே உச்சரிப்புப்படியே எழுதுகிறேன். 'அ' என்பது ஈ0 ஏஈ 85. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில், 'ஹெக்ஸ்' என்ற சார்பை அந்த எழுத்து இருக்கும் பத்தியின் (டேபிளில் உள்ள நெடுவரிசையின்) மேல் ஓட்டினால் இது வரும். கோப்பு என்றால் ஹெக்ஸ் காட்டும் எந்தக் கருவியும் போதும். தரவுத்தளத்தைத் திரையில் திறந்து பார்ப்பது போதாது, ஏனென்றால் அந்தக் கருவியும் தன் பங்குக்கு ஒரு என்கோடிங்கை ஊகித்துத்தான் காட்டுகிறது.

ஹெக்ஸில் நான்கில் ஒன்றைப் பார்ப்பீர்கள்:

ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்று தொடர்ந்து வந்தால் தரவு நலம். கோளாறு வெளியே போகும் வழியில் இருக்கிறது.
சி3ஏ0சி2 என்று வந்தால் இருமுறை என்கோடிங் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் மீட்கலாம்.
3எஃப்3எஃப்3எஃப் என்று வந்தால் உண்மையான கேள்விக்குறிகளே சேமிக்கப்பட்டுள்ளன. மீட்க முடியாது.
ஈஎஃப்பிஎஃப்பிடி என்று வந்தால் '�' என்ற மாற்றுக்குறியே சேமிக்கப்பட்டுள்ளது. அதுவும் மீட்க முடியாது.

சரி, இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

அறிகுறி: ® குறியும் மேற்கோடும் மாறி மாறி வருகின்றன

தலையில் சாய்கோடு போட்ட ஒரு ஐரோப்பிய எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட ® அல்லது சின்ன மேற்கோடு, அப்புறம் ஏதோ ஒரு குறி. இந்த மூன்றும் மறுபடி மறுபடி வரும். யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துப் படித்ததன் விளைவு இது. 224 அந்த ஐரோப்பிய எழுத்து, 174 அந்த ®, 175 மேற்கோடு. இதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாகலாம், ஏனென்றால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு குறி திரையில் இருக்கிறது, எதுவும் தொலையவில்லை.

ஹெக்ஸில் ஈ0ஏஈ என்று வந்தால் வேலை எளிது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்தப் பக்கத்தோடு சர்வர் அனுப்பும் 'கன்டென்ட்-டைப்' ஹெட்டரைப் பாருங்கள். அதில் சார்செட் (எந்த என்கோடிங் என்ற அறிவிப்பு) யூடிஎஃப்-8 அல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், பக்கத்துக்குள் நீங்கள் போட்ட மெட்டா சார்செட் எடுபடாது. ஹெட்டர்தான் மெட்டாவை வெல்லும். கோப்பின் தொடக்கத்தில் பைட்டு வரிசைக் குறி (என்கோடிங்கைக் காட்டும் சில பைட்டுகள்) இருந்தால் அது ஹெட்டரையும் வெல்லும். ஹெட்டரில் சார்செட்டே இல்லையென்றால் மெட்டாவைத் தேடும், ஆனால் அந்த மெட்டா முதல் 1024 பைட்டுக்குள் முழுமையாக இருக்க வேண்டும் என்பது ஹெச்டிஎம்எல் விதி. மேலே நீளமான கருத்துரையும் ஸ்கிரிப்டும் வைத்துவிட்டு மெட்டாவைக் கீழே தள்ளியவர்களுக்குச் சில பக்கங்களில் மட்டும் எழுத்து உடைவதற்கு இதுவே காரணமாக இருக்கும். இன்னொன்று: ஹெட்டரில் ஐஎஸ்ஓ-8859-1 என்று எழுதியிருந்தாலும் பிரவுசர்கள் அதை விண்டோஸ்-1252 என்றுதான் படிக்கின்றன. இணைய என்கோடிங் தரநிலையே அப்படிச் சொல்கிறது.

ஹெக்ஸில் சி3ஏ0சி2 வந்தால் கதை பெரிது. இது பெரும்பாலும் தரவுத்தள இணைப்பில் நடக்கும். டேபிள் யூடிஎஃப்-8. நிரல் அனுப்புவதும் யூடிஎஃப்-8. ஆனால் நடுவில் இருக்கும் கனெக்‌ஷன் 'லத்தீன்1' (மைஎஸ்க்யூஎல்லில் விண்டோஸ்-1252-க்கான பெயர்) என்று சொல்லிக்கொள்கிறது. தரவுத்தளம் அதை நம்பி, வந்த ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு, மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமிக்கிறது. மூன்று பைட்டில் இருக்க வேண்டிய 'அ' இப்போது ஏழு பைட்டு: 195, 160, 194, 174, 226, 128, 166.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம், தளத்தில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பது. எடுக்கும்போதும் அதே தவறான கனெக்‌ஷன் வழியே வருவதால் தவறு தலைகீழாக நடந்து, எழுத்து ஒழுங்காக வந்து சேர்கிறது. பல வருடம் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு மொபைல் செயலியோ அறிக்கைக் கருவியோ அதே தரவுத்தளத்தில் இணையும் நாளில்தான் குப்பை வெளியே வரும். அப்போது எல்லாரும் புதிய செயலியைத்தான் குறை சொல்வார்கள். யாராவது பழைய நிரலின் கனெக்‌ஷனை மட்டும் திருத்தினால், பழைய பதிவுகள் எல்லாம் உடைந்தும் புதியவை நன்றாகவும் தெரியும். உடனே பயந்து திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இதற்குள் ஒரே டேபிளில் இரண்டு வகைப் பதிவுகளும் கலந்திருக்கும். எனவே கனெக்‌ஷனையும் தரவையும் ஒரே பராமரிப்பு நேரத்தில், எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மீட்கும் முறை இது. முழு நகல் எடுங்கள். பத்தியின் மதிப்பை லத்தீன்1-க்கு மாற்றி, அதை 'பைனரி' ஆக்கி, அந்த பைனரியை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8) என்று படிக்கச் சொல்லுங்கள். மூன்றும் மைஎஸ்க்யூஎல்லில் ஒரே வரியில் 'கன்வர்ட்' சார்பைக் கொண்டு எழுதிவிடலாம். முதலில் 'செலக்ட்' ஆக ஓட்டிக் கண்ணால் பாருங்கள், பிறகு 'அப்டேட்'. ஹெக்ஸில் சி3ஏ0சி2ஏ உள்ள பதிவுகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். அந்த ஐரோப்பிய எழுத்தையும் ® குறியையும் யாரும் வேண்டுமென்று அடுத்தடுத்து எழுத மாட்டார்கள் என்பதால், கலந்த டேபிளிலும் இந்த அடையாளம் நம்பகமானது.

கவனிக்க வேண்டிய இன்னொரு வகை உண்டு. பத்தியே லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே ஈ0ஏஈ என நல்ல யூடிஎஃப்-8 பைட்டுகள் கிடக்கும். இங்கே 'கன்வர்ட் டு' கட்டளை கொடுத்தால் நல்ல தரவை நாமே இருமுறை என்கோடிங் செய்துவிடுவோம். பத்தியை முதலில் 'பிளாப்' அல்லது 'வார்பைனரி' வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுங்கள். நடுவில் பைனரியாக நிற்பதால் பைட்டுகளை யாரும் தொட மாட்டார்கள்.

புள்ளியும் உகரமும் காணாமல் போகும் கதை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இது எப்போதும் நடக்கிறது, பொதுவான வழிகாட்டிகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. இப்போது தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டைப் பாருங்கள். உகரக் குறி 'ு' வின் மூன்றாவது பைட்டு 129. புள்ளியின் மூன்றாவது பைட்டு 141. 'ஏ' 143, 'ஐ' 144. அதாவது தமிழில் எந்த வாக்கியத்திலும் வந்தே தீரும் புள்ளியும் உகரமும் அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன.

பிரவுசர்களும் மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1-உம் இந்தக் காலி இடங்களைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்துக்கொள்கின்றன. அதனால் தரவுத்தளத்துக்குள்ளேயே திருப்பி மாற்றினால் எல்லாம் மீண்டு வரும். பைத்தானில் விண்டோஸ்-1252 கோடெக் (என்கோடிங் மாற்றும் கருவி) கொண்டு அதே வேலையைச் செய்தால் முதல் புள்ளியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். 'பிழையைப் புறக்கணி' என்று போட்டு ஓட்டினால் நிற்காது, ஆனால் புள்ளிகளைத் தின்றுவிடும். பைத்தானில் செய்தே ஆக வேண்டும் என்றால் எஃப்டிஎஃப்ஒய் என்ற நூலகம் இந்தக் காலி இடங்களையும் விடாமல் வைத்துக்கொள்ளும் தளர்ந்த விண்டோஸ்-1252 கோடெக் ஒன்றைத் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு உறுப்பினர் பட்டியலை மீட்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு முன் ஒருவர், உடைந்த எழுத்துகளைத் திரையிலிருந்து காப்பி செய்து ஒரு விரிதாளில் ஒட்டி, அங்கிருந்து மாற்றி, அசல் டேபிளின் மேலேயே எழுதிவிட்டிருந்தார். காப்பி செய்த வழியில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறிகள் உதிர்ந்துவிட்டன. 'முருகன்' என்ற பெயர் 'மரகன' என்று நின்றது. ஆயிரக்கணக்கான பெயர்கள் அப்படி. ஒருவருடைய பெயரில் எங்கே புள்ளி இருந்தது, எங்கே உகரம் இருந்தது என்று நிரலால் எப்படி ஊகிக்க முடியும்? பழைய நகல் ஒன்று கிடைத்ததால் தப்பித்தோம். உடைந்த எழுத்தைத் திரையிலிருந்து காப்பி செய்யவே செய்யாதீர்கள், பைட்டாக ஏற்றுமதி செய்யுங்கள்.

அறிகுறி: எல்லாமே கேள்விக்குறி

'முருகன்' என்று கொடுத்தால் ஏழு கேள்விக்குறி வருகிறது. ஏழு என்பதைக் கவனியுங்கள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடில் ம, ு, ர, ு, க, ன, புள்ளி என ஏழு குறியீடு. யூடிஎஃப்-8-இல் 21 பைட்டு. ஏழு கேள்விக்குறி வந்தால், எழுத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு நிரல், தமிழே இல்லாத ஒரு எழுத்துத் தொகுதிக்கு அதை மாற்றப் பார்த்து, இடமில்லாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது என்று பொருள். 21 வந்தால் பைட்டுகளை எழுத்தாக நினைத்த வேறொரு இடத்தில் கோளாறு.

வழக்கமான இடங்கள்: மைஎஸ்க்யூஎல்லில் பத்தி லத்தீன்1 ஆக இருப்பது. தரவுத்தளத்தின் இயல்புநிலையை மாற்றினால் ஏற்கெனவே உள்ள டேபிள்கள் மாறாது, டேபிளின் இயல்புநிலையை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள பத்திகள் மாறாது. அதனால் பத்தி அளவில் போய்ப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் என்றால் பத்தி 'என்வார்சார்' வகையாக இருந்தும், வினவலில் மேற்கோளுக்கு முன் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட மறந்தால் டேபிளைத் தொடும் முன்பே கேள்விக்குறியாகிவிடும். ஜாவாவில் 18-ஆம் பதிப்புக்கு முன் இயல்பான சார்செட் இயங்குதளத்தைப் பொறுத்தது. மேம்பாட்டுக் கணினியில் நன்றாக வந்தது சர்வரில் கேள்விக்குறியானால் முதலில் அதைப் பாருங்கள்.

தரவுத்தளத்தில் நல்ல பைட்டு இருந்து வெளியே மட்டும் கேள்விக்குறி வந்தால் கனெக்‌ஷனைத் திருத்தினால் போதும். ஹெக்ஸில் 3எஃப் இருந்தால் மீட்பு வேலையில் நேரம் போக்க வேண்டாம். உடனே எழுதும் வழியை அடைத்துவிட்டு நகலைத் தேடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய புதிய பதிவு கேள்விக்குறியாகிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: அங்கங்கே கறுப்பு வைரம்

'�' என்பது, யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கும்போது விதிக்குப் பொருந்தாத பைட்டு வந்தால் படிப்பவர் போடும் குறி. பக்கம் முழுக்க வந்தால் உள்ளடக்கம் வேறு என்கோடிங்கில் இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் யாரோ எழுத்தை நடுவில் வெட்டியிருக்கிறார்கள்.

முதல் சந்தேகம், சுருக்கம் காட்டுகிற நிரல். பிஹெச்பியில் 'சப்ஸ்டர்' பைட்டுக் கணக்கில் வெட்டும். 100 பைட்டு என்றால் 33 தமிழ்க் குறியீடும், அடுத்த குறியீட்டின் ஒரு பைட்டும். அந்த ஒற்றை 224 தான் கடைசியில் வைரமாக நிற்கிறது. 'எம்பி' முன்னொட்டு உள்ள சார்புகளைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது சந்தேகம், துண்டு துண்டாகப் படிக்கும் நிரல். இது பிடிபடவே மாட்டேன் என்கிற வகை. நோட் ஜேஎஸ் கோப்பை ஓடையாகப் படிக்கும்போது ஒரு துண்டு வழக்கமாக 65,536 பைட்டு. இதை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. முழுக்கத் தமிழில் உள்ள கோப்பு என்றால் முதல் துண்டின் முடிவிலேயே ஒரு எழுத்து நடுவில் வெட்டுப்படும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சரமாக மாற்றி ஒட்டினால், பெரிய கோப்புகளில் மட்டும் ஓரிரு இடத்தில் வைரம் வரும். சோதனைக்கு வைக்கும் சின்னக் கோப்பில் வரவே வராது. துண்டுகளைப் பைட்டாகவே சேர்த்து முடிவில் மாற்றுங்கள், அல்லது மீதிப் பைட்டை அடுத்த துண்டுக்காக நினைவில் வைத்துக்கொள்ளும் டீகோடரைப் பயன்படுத்துங்கள்.

இதே வகைக் கோளாறு வேறு முகத்திலும் வரும். ஜேசான் (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) பதில் பாதியில் நின்றுவிடுகிறது, ஆங்கிலத் தரவுக்கு மட்டும் சரியாக இருக்கிறது என்றால், 'கன்டென்ட்-லெங்த்' ஹெட்டரில் பைட்டு எண்ணிக்கைக்குப் பதில் எழுத்து எண்ணிக்கையைப் போட்டிருப்பார்கள். தமிழில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பத்தியில் பாதி எழுத்துதான் நிற்கிறது என்றாலும் இதையே சந்தேகியுங்கள்: ஆரக்கிளில் 'வார்சார்2' அளவு இயல்பாகப் பைட்டுக் கணக்கு, எனவே 100 என்று வைத்தால் 33 தமிழ்க் குறியீடுதான் கொள்ளும்.

பிஹெச்பியில் வைரம்கூட வராமல் இடமே காலியாக இருக்கலாம். பதிப்பு 8.1-க்கு முன்பு வரை, தவறான பைட்டு ஒன்று இருந்தாலும் 'ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' முழுச் சரத்தையும் காலியாக்கிக் கொடுத்துவிடும். 'ஜேசான் என்கோட்' பொய் என்ற மதிப்பைத் திருப்பும். கட்டுரை காணோம் என்று புகார் வந்தால் தரவுத்தளத்தில் தேடும் முன் இதைச் சோதியுங்கள்.

அறிகுறி: எமோஜி வந்ததும் மீதி காணோம்

மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது மூன்று பைட்டு வரை மட்டுமே கொள்ளும் வகை. தமிழ் மூன்று பைட்டு என்பதால் நமக்குக் குறையே தெரியாது. எமோஜி நான்கு பைட்டு. கண்டிப்பு முறையில் ஓடும் தரவுத்தளம் 1366 என்ற பிழை எண்ணோடு மறுக்கும். தளர்ந்த முறையில் ஓடினால் எமோஜி வந்த இடத்திலிருந்து மீதி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையோடு சேமித்துவிடும். நீளமாக எழுதி நடுவில் ஒரு சிரிப்புக் குறி போட்டவரின் எழுத்து பாதியோடு போய்விடும்.

5.5.3 பதிப்பு முதல் யூடிஎஃப்8எம்பி4 இருக்கிறது, 8.0-இல் அதுவே இயல்பு. பத்தி, டேபிள், கனெக்‌ஷன் மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். பழைய பதிப்புகளில், தேடலை விரைவாக்கும் சுட்டெண்ணுக்கு (இன்டெக்ஸ்) 767 பைட்டு வரம்பு உண்டு. 255 எழுத்துள்ள பத்தியில் சுட்டெண் வைத்திருந்தால் மாற்றம் தடைபடும். 191 என்று பலரும் வைப்பதற்குக் காரணம், 767-ஐ நான்கால் வகுத்தால் அதுதான் வரும்.

அறிகுறி: வெறும் கட்டங்கள்

இது என்கோடிங் பிழையே இல்லை. எழுத்து சரியாக வந்துவிட்டது, வரைவதற்கு எழுத்துரு இல்லை. சர்வரில் உருவாகும் பிடிஎஃப்-களிலும் படங்களிலும்தான் அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் மெலிந்த கன்டெய்னர்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவுங்கள். தரவைத் தொட வேண்டாம்.

அறிகுறி: புள்ளி வட்டம் தனியே நிற்கிறது

துணையெழுத்தின் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால் அது தன் மெய்யைப் பிரிந்திருக்கிறது. யூனிகோடு குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் இப்படி நடக்கும், 'கொ' என்பது இரண்டு குறியீடு அல்லவா. முதல் எழுத்தை மட்டும் எடுத்து வட்டத்துக்குள் காட்டும் பயனர் படங்களில் 'கொ' வுக்குப் பதில் 'க' வருவதும் இதே கோளாறுதான். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல்.செக்மென்டர்', பிஹெச்பியில் 'கிராஃபீம்' சார்புகள் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் வெட்டித் தரும்.

அறிகுறி: பார்க்க ஒன்று, தேடினால் கிடைக்கவில்லை

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. திரையில் குப்பையே இல்லாததால் யாரும் என்கோடிங்கைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

'கொ' வை இரண்டு விதமாக எழுதலாம்: 'க' வோடு 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'க' வோடு 'ெ', 'ா' என்று இரண்டு குறி. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, ஆனால் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. பழைய மேக் கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைக்கும். அங்கிருந்து ஏற்றிய 'கோவில்' என்ற பெயருள்ள கோப்பு, லினக்ஸ் சர்வரில் அதே பெயரால் கேட்டால் இல்லை என்று வரலாம். உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒருமுகப்படுத்தும் வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். தேடுசொல்லையும் அப்படியே மாற்றுங்கள்.

ஆனால் என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் 'கெ' அடித்து 'ள' அடிப்பார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. 'ஔ' என்பதற்கு 'ஒ', 'ள' அடிப்பதும் அப்படியே. 'ஸ்ரீ' என்பதை 'ஸ' கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இவற்றுக்குத் தேடலில் மட்டும் பயன்படும் தனிப் பத்தி ஒன்றை வைத்து, இந்த இணைகளை ஒன்றாக்கி, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களையும் நீக்கி அதில் வையுங்கள். பயனர் எழுதிய மூலத்தை மாற்ற வேண்டாம், குறிப்பாகப் பெயர்களை.

அறிகுறி: கோப்பின் தலையில் மட்டும் தொல்லை

முதல் பத்தியின் பெயர் பொருந்தவில்லை, ஜேசான் முதல் எழுத்திலேயே பிழை, பிஹெச்பி ஹெட்டர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டதாகப் புகார் சொல்கிறது. மூன்றுக்கும் காரணம் 239, 187, 191 என்ற பைட்டு வரிசைக் குறி. நிரல் கோப்புகளில் அதை எடுத்துவிடுங்கள். பயனர் எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கப்போகும் சிஎஸ்வி கோப்பில் மட்டும் வேண்டுமென்றே வையுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் எக்செல் கணினியின் பழைய என்கோடிங்கில் திறந்து, மேலே சொன்ன ® குப்பையைக் காட்டும்.

அறிகுறி: ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக

'தமிழ்' என்ற இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்தால், அது பாமினி எழுத்துருவுக்காக அடித்த பழைய உரை. டிஸ்கி, டேப், டேம் என்று இப்படிப் பல முறைகள் உண்டு. சார்செட்டை மாற்றிப் பயனில்லை, அந்தந்த முறைக்கான மாற்றி கொண்டு ஒருமுறை யூனிகோடாக்கிவிடுங்கள். மாற்றும்முன், இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களைப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழாகிவிடும்.

எல்லாக் கணுவையும் ஒரே வரியால் சோதிக்க

நான் புதிய தளம் எதையும் 'ஏன் ஐந்து கொக்கு 😀' என்ற வரியைக் கொண்டுதான் சோதிப்பேன். காலி இடத்தில் விழும் நான்கு குறியீடுகளும், பிரியக்கூடிய 'கொ' வும், நான்கு பைட்டு எமோஜியும் இதில் இருக்கின்றன. படிவத்தில் இட்டுச் சேமித்து, தரவுத்தளத்தில் பைட்டு நீளத்தைக் கேளுங்கள். 49 வந்தால் சரி. 45 என்றால் எமோஜியில் வெட்டுப்பட்டது. 46 என்றால் எமோஜி கேள்விக்குறியாகிவிட்டது. 18 அல்லது 19 என்றால் எல்லாமே கேள்விக்குறி. 99 என்றால் விண்டோஸ்-1252 வழியாக இருமுறை என்கோடிங் ஆகியிருக்கிறது, 95 என்றால் அசல் லத்தீன்-1 வழியாக. பிஹெச்பியின் பழைய 'யூடிஎஃப்8 என்கோட்' சார்பை வேண்டாத இடத்தில் அழைத்தால் வருவது இந்த 95. 52 வந்தால் முதல் மூன்று பைட்டைப் பாருங்கள்: 239, 187, 191 என்றால் வரிசைக் குறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, இல்லையென்றால் 'கொ' பிரிந்து சேர்ந்திருக்கிறது.